கேஸ் மாத்திரையும் மற்ற மாத்திரைகளும்: இடைவெளி எங்கே உதவும், எங்கே உதவாது

கேள்வி வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்தது. அம்மாவுக்கு 56 வயது. விடிகாலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை 100 மைக்ரோகிராம், அதே மடக்குத் தண்ணீரில் பான்-டி என்ற கேஸ் மாத்திரை, பின்னாலேயே ஒரு டம்ளர் காபி. டிபன் முடிந்ததும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒன்றாக. நெஞ்சு எரிந்தால் அவ்வப்போது ஜெல். ஒரு மாதமாக இடுப்பில் படர்தாமரைக்கு இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக் கேப்சூல். தைராய்டு மாத்திரையை 75-லிருந்து 100-க்கு ஏற்றியும், தைராய்டு போதாதபோது இரத்தத்தில் ஏறும் டி.எஸ்.எச் அளவு 11-ல் நிற்கிறது, படர்தாமரையும் போகவில்லை. மாத்திரைகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் விட்டால் சரியாகும் என்று மகன் கேட்கிறார்.

நேரம் விட்டால் இதில் ஒரு பாதி சரியாகும். மறு பாதி எத்தனை மணி நேரம் விட்டாலும் சரியாகாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போகிறது, நோய் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

முதலில், கேஸ் மருந்து என்ற ஒரே பெயரில் நாம் வாங்குவது மூன்று வேறு வகை மருந்துகள். ஜெலுசில், டைஜீன் போன்ற ஜெல்லும் மெல்லும் மாத்திரையும் அமில முறிப்பான்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, சிலவற்றில் கால்சியம் கார்பனேட். வயிற்றில் ஏற்கெனவே இருக்கிற அமிலத்தைச் சில நிமிடங்களில் முறித்துவிடும். வேலை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம்தான். ஈனோவும், வீட்டில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஆப்ப சோடாவும் இதே கூட்டம்தான். அவற்றில் சோடியம் அதிகம், இரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் உள்ளவர்கள் தொடவே கூடாது. இரண்டாவது வகை ரானிடிடின், ஃபமோடிடின். அமிலம் சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமின் செய்தியை மறிப்பவை, வேலை 10 முதல் 12 மணி நேரம். மூன்றாவது, இன்று எல்லாச் சீட்டிலும் இருக்கிற ஒமிபிரசோல் (ஒமிஸ்), பான்ட்டோபிரசோல் (பான்), ரபிபிரசோல், எசோமெபிரசோல். இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளுகிற பம்பையே போய்ப் பூட்டுபவை.

மூன்றாவது வகையில்தான் பெரும்பாலோர் கணக்குத் தப்புகிறார்கள். பான்ட்டோபிரசோல் இரத்தத்தில் இருப்பது கொஞ்ச நேரம். ஒன்று, ஒன்றரை மணிக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் அது பம்போடு வேதிமுறையில் ஒட்டிக்கொண்டால் அந்தப் பம்ப் அத்தோடு முடிந்தது. உடம்பு புதுப் பம்ப் செய்தாக வேண்டும், அது நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்கும். தினமும் சாப்பிடுகிறவருக்கு மூன்று முதல் ஐந்து நாளில் முழு விளைவு வரும். நிறுத்தினாலும் பழைய அமிலம் திரும்ப அதே மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே காலை 6 மணிக்குப் பான் 40 போட்டுவிட்டு, இட்ராகோனசோலை இரவு 9 மணிக்குப் போட்டாலும் வயிற்றில் அமிலம் குறைவாகத்தான் இருக்கும். பதினைந்து மணி நேர இடைவெளி அங்கே ஒன்றும் செய்யாது.

அமிலம் குறைந்தால் மற்ற மருந்துக்கு என்ன? வெறும் வயிற்றில் பி.எச் அளவு ஒன்றிலிருந்து இரண்டுக்குள் இருக்கும், அதாவது கடும் அமிலம். கேஸ் மாத்திரையில் அது நாளின் பெரும்பகுதிக்கு நாலுக்கு மேல் போய்விடும்; எண் ஏற ஏற அமிலம் குறைவு. சில மருந்துகள் காரத் தன்மை கொண்டவை; அமிலத்தில்தான் கரையும். மருந்து உடம்புக்குள் ஏறுவது சிறுகுடலில், ஆனால் கரைவது இரைப்பையில். கரையாமல் குடலுக்குப் போன துகள் மலத்தோடு வெளியேறிவிடும். விலை கொடுத்து வாங்கி, தவறாமல் விழுங்கி, ஒரு பலனும் இல்லை. இது அமிலக் குறைவால் வரும் கோளாறு.

இன்னொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் கோளாறு. ஜெல்லில் இருக்கும் அலுமினியம், மெக்னீசியம், அதோடு கால்சியம், இரும்பு, துத்தநாகம் எல்லாம் சில மருந்துகளைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு, உறிஞ்ச முடியாத கூட்டாக மாற்றிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் வயிற்றில் சந்தித்தால்தான் இது நடக்கும். இங்கே இடைவெளி நன்றாக வேலை செய்யும். ஜெல்லுக்கும் சத்து மாத்திரைக்கும் நேரம் பாருங்கள்; பான், ஒமிஸ் வகைக்கு, அது தேவைதானா, கூட இருக்கிற மருந்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். கீழே வருகிற எல்லாமே இந்த ஒரு பிரிவினையிலிருந்து வருவதுதான்.

உங்கள் அம்மாவின் படர்தாமரையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அங்கேதான் தவறு மிகத் தெளிவு. சாதாரண இட்ராகோனசோல் கேப்சூலுக்கு அமிலம் கட்டாயம் வேண்டும். ஒமிபிரசோல் சாப்பிடுகிறவருக்கு அது இரத்தத்தில் ஏறும் அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததை அளந்து பார்த்திருக்கிறார்கள். நடவும் களையெடுப்புமாக ஈரச் சேலையில் நாள் முழுக்க நிற்கிற பெண்களுக்குத் தாமரை சீக்கிரம் போகாது என்பது உண்மைதான். அதற்காக, மருந்து ஏறவே இல்லை என்பதைப் பார்க்காமல் ஈரத்தின் மேல் பழி போடக் கூடாது. கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது. ஜெல் குடிப்பதாக இருந்தால் கேப்சூலுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கழித்து. பான் வகை நிறுத்தவே முடியாதவர்களுக்கு, சர்க்கரை உள்ள கோலா பானத்தோடு கேப்சூலை விழுங்கச் சொல்வது ஒரு வழி, அதன் அமிலத்துக்காக. நீரிழிவு உள்ளவருக்கு அது சரிப்படாது. சுபா இட்ராகோனசோல் என்று வேறு தயாரிப்பு கிடைக்கிறது, அதற்கு அமிலத்தின் தயவு அவ்வளவு வேண்டாம். ஆனால் அதன் மில்லிகிராம் கணக்கு வேறு, 100-க்கு 100 என்று கடையில் மாற்றி வாங்கக் கூடாது. டெர்பினாஃபினுக்கும் ஃப்ளூகோனசோலுக்கும் இந்தத் தொல்லை இல்லை. எது ஏற்றது என்று தோல் மருத்துவர் சொல்ல வேண்டும், அவரிடம் பான்-டி சாப்பிடுவதை நீங்கள் சொல்ல வேண்டும்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அது உறிஞ்சப்படுவது பற்றியது அல்ல என்றாலும் விட்டுவிட முடியாது. பான்-டி-யில் பான்ட்டோபிரசோலோடு டோம்பெரிடோனும் இருக்கிறது. இட்ராகோனசோல் கல்லீரலில் டோம்பெரிடோன் சிதைவதைத் தடுக்கும். டோம்பெரிடோன் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பின் மின்னோட்டம் தடுமாறும். இந்த இரண்டும் ஒரே சீட்டில் வரவே கூடாதவை. கிளாரித்ரோமைசினோடும் அப்படித்தான். தாமரைக்கு எந்த மருந்தைத் தொடர்ந்தாலும், உங்கள் அம்மாவுக்கு அந்த ‘டி’ உள்ள மாத்திரை இப்போது வேண்டாம் என்று நாளைக்கே மருத்துவரிடம் கேளுங்கள். வாந்தி உணர்வு இல்லாதவருக்கு டோம்பெரிடோன் எதற்கு என்பதே எனக்கு நியாயமான கேள்வியாகப் படுகிறது.

அடுத்தது தைராய்டு. லெவோதைராக்சின் மாத்திரை கரைவதற்கும் அமிலம் வேண்டும். அதோடு கால்சியம், இரும்பு, அலுமினியம், வயிற்றுப் புண்ணுக்கான சுக்ரால்ஃபேட் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும் குணமும் இதற்கு உண்டு. காபியும் அதைக் கெடுக்கும். ஆக இரண்டு கோளாறும் ஒரே மாத்திரையில். டெல்டா வீடுகளில் கண் விழித்ததும் டிகிரி காபி என்பது மாற்ற முடியாத ஏற்பாடு, தெரியும். காபியை விடச் சொல்லவில்லை. மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே ஒரு மணி நேரம் வேண்டும், அரை மணிக்குக் குறையவே கூடாது. வெறும் தண்ணீர் மட்டும். பாலில் விழுங்கவும் கூடாது.

காலை 5 மணிக்கே வயலுக்குக் கிளம்புகிறவர்களுக்கு, கடைக்குத் தயிர், பால் ஊற்றப் போகிறவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. அவர்கள் இரவு படுக்கும்போது போடலாம், சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஏழு மணிக்குச் சோறு, பத்து மணிக்கு மாத்திரை. இரவுக்கு மாற்றினால் கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துவிடுங்கள். இரவுச் சாப்பாட்டோடு கால்சியம் போட்டு மூன்று மணியில் தைராய்டு மாத்திரை போட்டால் பழைய சிக்கல் திரும்பிவிடும்.

கால்சியம், இரும்பு, ஜெல், சுக்ரால்ஃபேட் எதுவானாலும் தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளி. இந்த இடைவெளி ஒட்டிக்கொள்வதைத் தீர்க்கும். பான்ட்டோபிரசோலால் வரும் கரையாமையை அது தீர்க்காது. பான் தொடர வேண்டிய நிலை என்றால், அதை ஏற்றுக்கொண்டு தைராய்டு அளவைக் கூட்டுவதுதான் வழி. பான் ஆரம்பித்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.எச் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பார்த்தால் எண் ஏமாற்றும், லெவோதைராக்சின் உடம்பில் பாதியாகக் குறைவதற்கே ஏழு நாள் ஆகும் மருந்து.

இதன் மறுபக்கத்தைப் பலர் யோசிப்பதில்லை. பான் சாப்பிடும்போது கூட்டிய தைராய்டு அளவு, பான் நிறுத்திய பிறகு அதிகப்படியாகிவிடும். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போவது, எலும்பு தேய்வது எல்லாம் வரும். ஆகவே கேஸ் மாத்திரையை நிறுத்தினாலும் அதே ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு டி.எஸ்.எச்.

உங்கள் அம்மா விஷயத்தில் என் கருத்து: 100-லிருந்து 125-க்கு ஏற்றும் முன், காபியையும் சத்து மாத்திரைகளையும் தள்ளிவைத்து ஆறு வாரம் பாருங்கள். இதுவரை போன மருந்தில் எவ்வளவு உள்ளே ஏறியது என்றே தெரியாத நிலையில், அளவை மேலும் ஏற்றுவது குருட்டுக் கணக்கு. மருத்துவரிடம் இந்த நேரப் பட்டியலைக் காட்டினால் அவரும் இதைத்தான் சொல்வார் என்று நம்புகிறேன். களைப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் என்று அறிகுறி அதிகமாக இருந்தால் காத்திருக்காமல் அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

நடைமுறையில் அவருடைய நாள் இப்படி இருக்கலாம். ஐந்தரைக்குத் தைராய்டு மாத்திரை, தண்ணீரில். ஆறரைக்குக் காபி. பான் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் ஏழரைக்கு வெறும் பான் 40, எட்டு மணிக்கு டிபன். சாப்பாடு உள்ளே போகும்போதுதான் பம்புகள் விழிக்கும், விழித்த பம்பைத்தான் மருந்தால் பூட்ட முடியும். அதனால்தான் அரை மணி முன்பு. காபி குடித்ததால் பான் கெட்டுப்போகாது. பதினொன்றரைக்கு இரும்புச்சத்து, எலுமிச்சைத் தண்ணீரோடு. கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. ஜெல் தேவைப்பட்டால் எந்த மாத்திரைக்கும் இரண்டு மணி நேரம் தள்ளி, தைராய்டுக்கு மட்டும் நாலு.

இரும்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு அமிலத்தில் கரைந்து, ஃபெரஸ் என்ற வடிவத்துக்கு வந்தால்தான் குடல் எடுத்துக்கொள்ளும். ஃபெரஸ் மாத்திரைகளுக்கு அந்தத் தேவை குறைவு, ஆனாலும் கரைய அமிலம் உதவுகிறது. பான் சாப்பிடுகிறவருக்கு இரும்பு மெதுவாகத்தான் ஏறும். ஒழுங்காகச் சாப்பிட்டால் நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் கேஸ் மாத்திரையை மட்டும் காரணம் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுப் புண்ணிலோ மூலத்திலோ இரத்தம் போகலாம், மாதவிடாய்ப் போக்கு இருக்கலாம், வெறுங்காலோடு வயலில் நிற்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை மாற்ற வேண்டும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற இரும்பு-ஃபோலிக் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கால்சியம் 500 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு. மூன்றையும் ஒரே கையில் கொட்டி விழுங்கிவிட்டு, குமட்டுகிறது என்று மேலே ஜெல்லும் குடித்தால் இரும்பில் பெரும்பகுதி வீண். கால்சியம் காலை, இரவுச் சாப்பாட்டோடு; இரும்பு அவற்றுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி; டீ, காபிக்கும் அப்படியே. இரும்பு குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், உறிஞ்சுவது குறைந்தாலும் அறவே விடுவதைவிட அது மேல். ஜெல்லைத் தனி நேரத்துக்குத் தள்ளுங்கள்.

கால்சியம் மாத்திரையிலும் வித்தியாசம் உண்டு. கடையில் அதிகம் விற்கும் கால்சியம் கார்பனேட்டுக்கு அமிலம் வேண்டும், ஆகவே சாப்பாட்டோடு. கால்சியம் சிட்ரேட்டுக்கு அமிலம் வேண்டாம். பான் வருடக் கணக்கில் சாப்பிடுகிற, எலும்பு தேய்ந்த பெண்களுக்கு சிட்ரேட் பொருத்தம். அட்டையின் பின்புறம் எந்த உப்பு என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள்.

காய்ச்சல் காலத்து மருந்துகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. மழைக்காலம் முடிந்து எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் வரும்போது டாக்சிசைக்ளின் கொடுப்பார்கள். வயல் வேலை செய்கிறவர்களுக்குத் தடுப்பாக வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் கொடுப்பதும் உண்டு. அது வயிற்றைப் பிடுங்கும், உடனே ஜெல் குடிப்பார்கள். டாக்சிசைக்ளினை அலுமினியமும் மெக்னீசியமும் பிடித்துக்கொள்ளும், இரும்பும் அப்படியே. உயிர் காக்கும் மருந்து அது, காய்ச்சல் குறையாமல் போனால் மருந்து கேட்கவில்லை என்று வேறு ஊசிக்குப் போவார்கள். எரிச்சல் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்குவது. சாப்பாட்டுக்குப் பிறகு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருந்தால் ஜெல்லே தேவைப்படாது. பாலும் மோரும் அந்த வேளைக்கு வேண்டாம்.

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் இன்னும் மோசம். சிப்ரோவோடு ஜெல் சேர்ந்தால் உறிஞ்சுவது 85, 90 விழுக்காடு வரை விழலாம். சிறுநீர்த் தொற்றுக்கு ஐந்து நாள் சாப்பிட்டும் கேட்காததற்கு இது ஒரு காரணம். சிப்ரோவை முதலில் போட்டால் இரண்டு மணி கழித்து ஜெல். ஜெல் முதலில் குடித்திருந்தால் சிப்ரோவுக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பான் வகையால் சிப்ரோவுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. இங்கே சிக்கல் ஒட்டிக்கொள்வது மட்டும்தான்.

செஃப்போடாக்சிம், செஃப்யூராக்சிம் மாத்திரைகளில் நிலைமை தலைகீழ். இவற்றுக்கு அமிலம் வேண்டும். அமிலம் குறைந்தால் செஃப்போடாக்சிம் உடம்பில் ஏறுவது ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும். இருமல், சளிக்கு மருந்துக்கடையில் செட் மாத்திரை கேட்டால் காகிதக் கவரில் செஃப்போடாக்சிமும் பான்ட்டோபிரசோலும் சேர்ந்தே வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆன்டிபயாடிக் என்றாலே கேஸ் மாத்திரையும் சேர வேண்டும் என்ற பழக்கத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. ஆன்டிபயாடிக் தரும் குமட்டலும் வயிற்றுப்போக்கும் அமிலத்தால் வருவன அல்ல, பான் அவற்றை நிறுத்தாது. செஃப்போடாக்சிமைச் சாப்பாட்டோடு போட்டால் நன்றாக ஏறும். அமாக்சிசிலினும் செஃபிக்சிமும் இந்த வம்பில் இல்லை.

காசநோய்க்குச் சாப்பிடுகிறவர்கள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் உள்ள கூட்டு மாத்திரையோடு ஜெல் குடிக்கக் கூடாது. மாத்திரைக்குப் பிறகு இரண்டு மணி நேரம் போகட்டும். எச்.ஐ.வி-க்கு ஏ.ஆர்.டி மையத்தில் தருகிற டோலூடெக்ராவிர் உள்ள மாத்திரையை ஜெல்லுக்கு இரண்டு மணி முன்போ, ஆறு மணி பின்போ எடுக்க வேண்டும். பான் வகை அதைப் பாதிக்காது. ஆனால் அதே நோய்க்கான ரில்பிவிரினோடு பான், ஒமிஸ் வகை எதுவும் சேரவே கூடாது. அட்டசனாவிரோடும் அவற்றைத் தவிர்ப்பதே விதி.

புற்றுநோய் மாத்திரைகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே கவலை வருகிறது. எர்லோடினிப், ஜெஃபிடினிப், டாசாடினிப் எல்லாம் அமிலத்தில் கரைபவை. ஒமிபிரசோலோடு சேர்ந்தால் எர்லோடினிப்பும் டாசாடினிப்பும் ஏறுவது பாதிக்கு அருகே குறைந்துவிடுகிறது. திருச்சியிலோ சென்னையிலோ மாத்திரை எழுதி வாங்கிவருகிறார்கள். ஊருக்கு வந்த பிறகு வயிறு சரியில்லை என்று பக்கத்துக் கடையில் ஒரு கேஸ் அட்டை வாங்குகிறார்கள். எழுதிய மருத்துவருக்கு அது தெரியாது. இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறவர் வீட்டில் எந்தக் கேஸ் மருந்தும் அவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் மைக்கோஃபீனோலேட் மொஃபெடிலுக்கும் இதே எச்சரிக்கை.

எதிர்த் திசையிலும் நடக்கும். இதய மருந்தான டிகாக்சின் பான் வகையோடு கொஞ்சம் அதிகமாக ஏறும். போதாததற்கு, வருடக் கணக்கில் பான் சாப்பிட்டால் இரத்தத்தில் மெக்னீசியம் குறையலாம், அது டிகாக்சினின் நச்சை இன்னும் கூட்டும். டிகாக்சின், நீர் மாத்திரை, பான் மூன்றும் சேர்ந்த முதியவருக்குக் குமட்டல், பார்வை மங்கல், துடிப்பு தடுமாறல் வந்தால் கேஸ் என்று ஒதுக்காமல் மெக்னீசியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும்.

குடலில் கரைய வேண்டும் என்று மேலே பூச்சுப் போட்ட மாத்திரைகள் தனி ரகம். ஈகோஸ்பிரின் என்ற ஆஸ்பிரின், வலிக்கான சில டைக்ளோஃபெனாக், மலச்சிக்கலுக்கான பிசாகோடில். ஜெல் குடித்த வயிற்றில் அமிலம் இல்லாததால் அந்தப் பூச்சு இரைப்பையிலேயே கழன்று, எரிச்சலும் வயிற்றுப் பிடிப்பும் தரும். ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். பான்ட்டோபிரசோல் மாத்திரைக்கும் அதே பூச்சுதான், அமிலம் பட்டால் உள்ளே இருக்கிற மருந்து அழியும். உடைத்து, பொடித்து, குழாயில் கொடுப்பது வீண்.

இரத்தம் கட்டாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் பற்றித் தனியாகக் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். அங்கே உறிஞ்சுவதில் சிக்கல் இல்லை. அந்த மருந்து கல்லீரலில் ஒரு நொதியால் மாறிய பிறகுதான் வேலை செய்யும், ஒமிபிரசோலும் எசோமெபிரசோலும் அந்த நொதியை மறிக்கின்றன. ஸ்டென்ட் வைத்தவருக்குக் கேஸ் மாத்திரை தேவை என்றால் பான்ட்டோபிரசோல் பொதுவாக ஏற்றது.

வைட்டமின் பி12-க்கு வருகிறேன். முட்டை, பால், மீனில் இருக்கும் பி12 புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும். அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும்தான் அதை அவிழ்க்கும். இரண்டு வருடத்துக்கு மேல் பான் சாப்பிட்டால் குறைபாடு வர வாய்ப்பு கூடும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் தனியாகப் பி12-ஐக் குறைக்கும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்ல காரியம். கேஸ் மாத்திரை கடையிலிருந்து வந்து அதோடு சேர்ந்துகொள்கிறது. கால் எரிச்சலும் மதமதப்பும் வந்தால் சர்க்கரையால் நரம்பு கெட்டது என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒருமுறை பி12 அளந்து பார்த்துவிடுங்கள். குறைவு என்று வந்தால் பெரும்பாலோருக்கு ஊசியே வேண்டும் என்பதில்லை. மாத்திரையில் இருக்கும் பி12 எதனோடும் கட்டுண்டது அல்ல, அமிலம் இல்லாமலே ஏறும்.

இவ்வளவும் படித்துவிட்டு எல்லா மாத்திரையையும் சந்தேகிக்க வேண்டாம். ஆம்லோடிபின், டெல்மிசார்ட்டன், மெட்ஃபார்மின், பாராசிட்டமால் இவற்றை உடம்பு எடுத்துக்கொள்வதைப் பான் வகை பொருட்படுத்தும்படி மாற்றுவதில்லை. கொழுப்புக்கான ரோசுவாஸ்டாட்டின் மட்டும் ஜெல்லோடு சேர்ந்தால் பாதி குறையும், இரண்டு மணி நேரம் தள்ளினால் போதும்.

கடைசியாக, உங்கள் அம்மாவுக்குப் பான் தேவையா என்பது. வயிறு உப்புசம், ஏப்பம், பசியின்மைக்கு அமிலத்தை நிறுத்துவது மருந்து அல்ல. நெஞ்செரிச்சலுக்கு என்றால் நாலு முதல் எட்டு வாரம் சாப்பிட்டுப் பார்த்து நிறுத்தலாம். மாதக் கணக்கில் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகப் பீறிடும், எரியும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். 40-ஐ 20 ஆக்கி இரண்டு முதல் நாலு வாரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், பிறகு நிறுத்தம். இடையில் எரிந்தால் ஜெல், மேலே சொன்ன இடைவெளிகளோடு. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடிப்பதும் கட்டிலின் தலைமாட்டை அரை அடி உயர்த்துவதும் இந்த வாரங்களில் நன்றாகக் கைகொடுக்கும்.

நிறுத்தவே கூடாதவர்களும் உண்டு. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள், வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்து சிகிச்சை எடுத்தவர்கள், மூட்டுவலிக்குத் தினமும் வலி மாத்திரை தேவைப்படும் முதியவர்கள், உணவுக்குழாய் சுருங்கியவர்கள். இவர்களுக்குப் பான் உயிர்க் காவல்; கூட இருக்கிற மருந்தைத்தான் அதற்கேற்ப மாற்ற வேண்டும். மலம் கறுத்துப் போனாலும், விழுங்கக் கஷ்டமானாலும், எடை காரணமின்றிக் குறைந்தாலும் எண்டோஸ்கோப்பி பார்க்காமல் கேஸ் மாத்திரையால் நாளைக் கடத்தக் கூடாது. நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ வருகிற நெஞ்சு எரிச்சலுக்கு முதலில் ஈ.சி.ஜி.

மருத்துவரிடம் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப் போகாமல், வீட்டில் இருக்கிற அத்தனை அட்டைகளையும் ஜெல் பாட்டிலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்குப் போடுகிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள், காபி நேரமும் சேர்த்து. முதலில் கேட்க வேண்டியது பான்-டி-யையும் இட்ராகோனசோலையும் பற்றி. தைராய்டு நேரத்தை நாளையிலிருந்தே மாற்றலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து ஆறு வாரம் முடிந்ததும் டி.எஸ்.எச் பாருங்கள். இரத்தம் கொடுக்கிற அன்று காலை மாத்திரையைப் பரிசோதனை முடிந்த பிறகு போட்டால் போதும்.